தலைமையாசிரியருக்கும் ஒரே ஒரு ஓட்டு: இங்கிலாந்தின் முற்போக்குத் தனியார் பள்ளிகள், ஓர் எளிய அறிமுகம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அது அரசுப் பள்ளி கிடையாது. ஈட்டன், ஹாரோ, ரக்பி மாதிரி, வசதியான வீட்டுப் பையன்கள் காசு கட்டித் தங்கிப் படிக்கிற பழைய தனியார் பள்ளிகளுக்குத்தான் அந்தப் பெயர். வீட்டுக்கு வாத்தியாரை வரவழைத்துத் தனியாகப் படிப்பதைப் போல இல்லாமல், எந்த ஊர்ப் பையனும் பணம் கட்டினால் சேரலாம் என்ற பொருளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இந்தப் பள்ளிகளையும் சேர்த்து, அரசு நடத்தாத, கட்டணத்தில் ஓடுகிற பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'இன்டிபென்டென்ட் ஸ்கூல்' என்று பெயர். அரசின் பாடத்திட்டத்தைத்தான் நடத்த வேண்டும் என்று இவற்றுக்குக் கட்டாயம் இல்லை.

இந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கிளை இருக்கிறது. பிரம்பு வேண்டாம், சீருடை வேண்டாம், பையனும் பெண்ணும் ஒன்றாகப் படிக்கட்டும், கையால் வேலை செய்வதும் படிப்புதான், பிள்ளைகள் தங்கள் விதிகளைத் தாங்களே போட்டுக்கொள்ளட்டும் என்று ஏறக்குறைய 135 வருஷமாகச் சொல்லிவருகிற பள்ளிகள். இவற்றைத்தான் முற்போக்குப் பள்ளிகள் என்கிறார்கள். எண்ணிக்கையில் எப்போதுமே கொஞ்சம்தான். ஆனால் இன்று உலகத்தில் எங்காவது ஒரு பாலர் வகுப்பில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மண்ணையும் தண்ணீரையும் அளைந்துகொண்டிருக்க, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தால், அதன் வேரில் ஒன்று இந்தப் பள்ளிகளில் இருக்கிறது.

இவர்கள் எதை எதிர்த்தார்கள் என்று தெரிந்தால்தான் கதை புரியும். 19ஆம் நூற்றாண்டின் பப்ளிக் ஸ்கூலில் படிப்பு என்றால் பெரும்பாலும் லத்தீனும் கிரேக்கமும்தான். அறிவியலுக்கு இடமே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. தப்பு செய்தால் பிரம்பு. சின்னப் பையன்கள் பெரிய பையன்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும், பூட்ஸ் துடைக்க வேண்டும், ரொட்டி வாட்டிக் கொடுக்க வேண்டும், அது ஒரு முறையாகவே இருந்தது. விளையாட்டு கட்டாயம், சர்ச் கட்டாயம். சாம்ராஜ்யத்தை ஆளப்போகிறவர்களைக் கீழ்ப்படியவும் அப்புறம் கீழ்ப்படிய வைக்கவும் பழக்கிய இடம் அது.

இதற்கு முன்பே ஒரு மாற்று முயற்சி நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பர்மிங்ஹாமில் ஹில் குடும்பம் 1819 முதல் ஹேசல்வுட் என்று ஒரு பள்ளி நடத்தியது. அங்கே பையன்கள் தேர்ந்தெடுத்த குழு விதிகளை இயற்றியது, தப்பு செய்தவனைப் பையன்களே நீதிபதியும் ஜூரியுமாக உட்கார்ந்து விசாரித்தார்கள், அடி கிடையாது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ரோலண்ட் ஹில்தான் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஆமாம், 1840இல் ஒரு பென்னி தபால்தலையைக் கொண்டுவந்த அதே ரோலண்ட் ஹில். ஆனால் அந்த முயற்சி ஒரு மரபாகத் தொடரவில்லை.

தொடர்ச்சியான கதை 1889இல் ஆரம்பிக்கிறது. செசில் ரெடி என்பவர், ஜெர்மனியில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், டவ் ஆற்றங்கரையில் ஆபட்ஸ்ஹோம் என்ற பள்ளியைத் தொடங்கினார். காலையில் பாடம், மதியத்துக்கு மேல் உடலுழைப்பு, மாலையில் பாட்டு, நாடகம், படிப்பு. பையன்கள் வைக்கோல் போட்டார்கள், மரவேலை செய்தார்கள். லத்தீன், கிரேக்கத்துக்குப் பதிலாக ஜெர்மனும் பிரெஞ்சும் முன்னுக்கு வந்தன. உடம்பைப் பற்றியும் பாலுறவைப் பற்றியும் மறைக்காமல் பேசிய முதல் பள்ளிகளில் அதுவும் ஒன்று. அங்கே ஆசிரியராக இருந்துவிட்டுப்போன ஹெர்மன் லீட்ஸ் 1898இல் ஜெர்மனியில் இதே மாதிரிப் பள்ளிகளை ஆரம்பித்தார், அது அங்கே ஒரு பெரிய இயக்கமாகவே ஆனது.

ஆனால் ரெடி பிடிவாதக்காரர். பள்ளியில் எல்லாம் அவர் சொன்னபடிதான். பெண்பிள்ளைகளைச் சேர்க்கவில்லை, ஆசிரியர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்பதும் அவருடைய கண்டிப்பு. அவரிடம் வேலை பார்த்த ஜான் ஹேடன் பேட்லி என்ற இளைஞருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணப்பெண் ஏமி காரெட், பெண்கள் ஓட்டுரிமைக்காக நின்ற காரெட் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேலையா, கல்யாணமா என்ற கேள்வி வந்தது. பேட்லி கல்யாணத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, 1893இல் சசெக்ஸில் பீடேல்ஸ் என்ற சொந்தப் பள்ளியையும் தொடங்கிவிட்டார். ஐந்து வருஷத்தில், 1898இல், பெண்பிள்ளைகளையும் சேர்த்தார். தங்கிப் படிக்கிற பள்ளியில் வளர்ந்த பையன்களும் பெண்களும் ஒன்றாக என்பது அந்தக் காலத்தில் லேசான விஷயம் இல்லை. அக்கம்பக்கம் என்ன பேசியிருக்கும் என்று நாமே ஊகிக்கலாம்.

இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம் இதுதான்: ஒவ்வொரு பள்ளியும் அதற்கு முந்தையது விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் பிறந்திருக்கிறது. ரெடி லத்தீனையும் கிரேக்கத்தையும் ஓரங்கட்டினார், ஆனால் அதிகாரத்தை விடவில்லை. பேட்லி பெண்களுக்குக் கதவைத் திறந்தார், ஆனால் காலையில் குளிர்ந்த நீரில் குளியல், கடுமையான நேர ஒழுங்கு எல்லாம் அப்படியே இருந்தது, பிள்ளைகள் அவரை 'சீஃப்' என்றுதான் கூப்பிட்டார்கள். 1898இலேயே லண்டன் ஹாம்ப்ஸ்டெடில் பெற்றோர்கள் சேர்ந்து கிங் ஆல்ஃபிரட் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே மதப்போதனையும் கிடையாது, பரிசுப் போட்டியும் கிடையாது. கட்டாய சர்ச் வழிபாட்டை விட்டார்கள், தலைமையாசிரியர் மட்டுமே முதலாளி என்பதையும் விட்டார்கள்.

பீடேல்ஸ் 1900இல் ஹாம்ப்ஷயரில் ஸ்டீப் என்ற கிராமத்துக்கு இடம்மாறியது. முதல் உலகப்போரில் இறந்த பழைய மாணவர்களின் நினைவாக எர்னஸ்ட் கிம்சன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த நூலகம் இன்றும் அங்கே இருக்கிறது, ஓக் மரத் தூண்களும் உத்தரங்களுமாக ஒரு பெரிய களஞ்சியத்துக்குள் நுழைந்த மாதிரி. கையால் செய்யும் வேலைக்கு இவர்கள் கொடுத்த மரியாதை என்ன என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

அந்தப் போர்தான் இந்த இயக்கத்துக்குப் பெரிய உந்துதல். கேள்வி கேட்காமல் கீழ்ப்படியப் பழகிய ஒரு தலைமுறை பதுங்குகுழிகளில் செத்துப்போனது. அப்படியானால் பள்ளியில் நாம் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று பலர் கேட்கத் தொடங்கினார்கள். இங்கேதான் நம் பக்கத்து ஊர் ஒன்று கதைக்குள் வருகிறது: சென்னை அடையாறு. அடையாறில் தலைமையகம் உள்ள பிரம்மஞான சபைக்கு அப்போது அன்னி பெசன்ட் தலைவர். அந்தச் சபையினர் 1915இல் லெட்ச்வர்த் என்ற தோட்ட நகரத்தில் ஒரு பள்ளி தொடங்கினார்கள், பின்னால் செயின்ட் கிறிஸ்டஃபர் என்று பெயர் பெற்றது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள், எல்லா மதத்துக்கும் இடம் இருந்தது, சாப்பாடு சைவம். இங்கிலாந்துப் பள்ளிச் சாப்பாட்டு மேஜையில் மாமிசம் இல்லை என்பதே அப்போது ஒரு அறிக்கைக்குச் சமம். அதே சபையைச் சேர்ந்த பீட்ரிஸ் என்சர், அரசுப் பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தவர், 1921இல் பல நாட்டு ஆசிரியர்களைத் திரட்டி 'நியூ எஜுகேஷன் ஃபெல்லோஷிப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தனித்தனியாக இருந்த பள்ளிகள் ஒன்றையொன்று தெரிந்துகொண்டது அப்போதுதான். (அடையாறில் பெசன்ட் அம்மையார் வளர்த்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, பின்னாளில் சபையை விட்டு விலகி, 1969இல் ஹாம்ப்ஷயரில் பிராக்வுட் பார்க் பள்ளியைத் தொடங்கியது இந்தக் கதையின் இன்னொரு இழை.)

1920களில் பள்ளிகள் வரிசையாக முளைத்தன. எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை, இரண்டை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

முதலாவது, கேம்பிரிட்ஜில் 1924 முதல் 1929 வரை ஐந்தே வருஷம் நடந்த மால்டிங் ஹவுஸ். ஜெஃப்ரி பைக் என்பவர் தன் மகனுக்காகத் தொடங்கியது, சந்தையில் உலோக வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தைப் போட்டு நடத்தினார். பொறுப்பில் இருந்தவர் சூசன் ஐசக்ஸ், உளவியல் படித்தவர். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அங்கே நிஜமான ரம்பம் உண்டு, நெருப்பு உண்டு, முயலும் கோழியும் பாம்பும் உண்டு. பெரியவர்கள் பதில் சொல்ல அவசரப்படக் கூடாது, "பார்த்துத் தெரிந்துகொள்வோமா?" என்று கேட்க வேண்டும், இதுதான் முறை. குழந்தைகள் பேசுவதை எல்லாம் எழுதிவைத்தார்கள்.

ஒருநாள் பள்ளியில் ஒரு முயல் செத்துவிட்டது. வயிறு மேலும் கீழும் அசையவில்லை, அதனால் செத்துவிட்டது என்றான் ஒரு பையன். தண்ணீரில் போட்டால் உயிர் வந்துவிடும் என்று அப்பா சொன்னார் என்றான் இன்னொருவன். போட்டுப் பார்ப்போமா என்று கேட்டார் ஐசக்ஸ். தொட்டித் தண்ணீரில் போட்டார்கள், முயல் மெல்லச் சுற்றியது, அசைகிறது, உயிரோடுதான் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அவர் ஒரு சின்னக் குச்சியைத் தண்ணீரில் போட்டார், அதுவும் சுற்றியது. குச்சிக்கு உயிர் இல்லை என்று பிள்ளைகளே ஒத்துக்கொண்டார்கள், அப்புறம் முயலைப் புதைத்தார்கள். மறுநாள் இரண்டு பையன்கள் தோண்டிப் பார்க்கலாம் என்றார்கள், அது அங்கே இருக்காது, வானத்துக்குப் போயிருக்கும் என்றும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஐசக்ஸ் கூடச் சேர்ந்து தோண்டினார். முயல் அங்கேயேதான் இருந்தது. பிள்ளைகள் ரொம்ப ஆர்வமாகப் பார்த்தார்கள்.

நான் இதைப் படித்த அன்று வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை. அந்த அம்மையார் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, ஒரு வார்த்தை உபதேசமும் செய்யவில்லை, ஒரு குச்சியைப் போட்டார், அவ்வளவுதான். பைக்கின் பணம் சந்தையில் கரைந்தது, பள்ளி மூடப்பட்டது. ஆனால் ஐசக்ஸ் அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக்கினார், 1933இல் லண்டனில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனத்தில் குழந்தை வளர்ச்சித் துறையின் முதல் தலைவரானார். அவரிடம் படித்தவர்கள் சாதாரண அரசுப் பள்ளிகளுக்குப் போனார்கள். கைவிரல்களில் எண்ணக்கூடிய வருஷங்கள் நடந்த ஒரு பள்ளி நாட்டின் பாலர் வகுப்புகளுக்குள் நுழைந்த வழி இது.

இரண்டாவது, சம்மர்ஹில். முற்போக்குப் பள்ளி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். நிறுவியவர் ஏ. எஸ். நீல், ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்து வாத்தியாரின் மகன், இளம் ஆசிரியராகத் தோல்வார் வைத்துப் பிள்ளைகளை அடித்தவர்தான். அவரை மாற்றியது ஹோமர் லேன் என்ற அமெரிக்கர். கோர்ட்டில் நிறுத்தப்பட்ட சிறுவர் சிறுமியரை வைத்து டார்செட்டில் 1913 முதல் 1918 வரை 'லிட்டில் காமன்வெல்த்' என்ற இல்லத்தை லேன் நடத்தினார். அங்கே பிள்ளைகளே சட்டம் போட்டார்கள். திருடன் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளை நம்பி இதைச் செய்ய முடியும் என்றால் மற்றப் பிள்ளைகளிடம் ஏன் முடியாது என்று நீல் யோசித்தார். 1921இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே ஆரம்பித்து, ஆஸ்திரியா போய், டார்செட் கடற்கரைக்கு வந்து, கடைசியில் 1927இல் சஃபோக்கில் லெய்ஸ்டன் என்ற ஊரில் பள்ளி நிலைகொண்டது.

அங்கே இரண்டு விஷயங்கள்தான் அடிப்படை. ஒன்று, வகுப்புக்குப் போவது பிள்ளையின் விருப்பம். பாட அட்டவணை உண்டு, ஆசிரியர்கள் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளை வந்தால் வரலாம். வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாடத்தின் மேல் உள்ள வெறுப்பு போக சராசரியாக மூன்று மாதம் ஆகும் என்று நீல் எழுதியிருக்கிறார், கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று வருஷம் ஆனதாம். இரண்டாவது, வாராந்தரக் கூட்டம். தூங்கப் போகும் நேரம், யார் சைக்கிளை யார் எடுத்தது, அபராதம் எவ்வளவு, எல்லாம் அங்கேதான் முடிவாகும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, நீலுக்கும் ஒரே ஒரு ஓட்டு. அவர் கொண்டுவந்த யோசனைகள் பலமுறை தோற்றிருக்கின்றன. ஆனால் எல்லாமே ஓட்டுக்கு வருவதில்லை: உயிருக்கு ஆபத்தான விஷயங்கள், ஆசிரியர்களை நியமிப்பது, பணம், இவை பெரியவர்கள் பொறுப்பு. சுதந்திரம் வேறு, இஷ்டத்துக்கு ஆடுவது வேறு என்பதை நீல் திரும்பத் திரும்பச் சொன்னார். உன் இஷ்டம் அடுத்தவனைத் தொந்தரவு செய்யாதவரை உன்னுடையது. டிரம் வாசிக்கலாம், நடு ராத்திரியில் வாசிக்க முடியாது.

இதே காலத்தில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் அவர் மனைவி டோராவும் 1927இல் பீக்கன் ஹில் பள்ளியைத் தொடங்கினார்கள். வேறெங்கும் சமாளிக்க முடியாத பிள்ளைகள் நிறைய வந்து சேர்ந்தார்கள். இந்தப் பள்ளிகள் பலவற்றின் பொதுவான தலைவலி அது. சிறு குழந்தைகள் கூட்டமாக இருக்கும்போது ஓரளவு ஒழுங்கும் வழக்கமும் இல்லாமல் சந்தோஷமாக இருக்க முடியாது என்று ரஸ்ஸலே பின்னால் ஒப்புக்கொண்டார். 1932இல் அவர் விலகினார், டோரா 1943 வரை தனியாகத் தாக்குப்பிடித்தார். டோராவின் அந்தப் பதினோரு வருஷங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

டெவனில் டார்டிங்டன் ஹால் பள்ளி வேறு விதம், ஏனென்றால் அதன் பின்னால் பணம் இருந்தது. லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் தாகூரோடு கிராமப் புனரமைப்பில் வேலை பார்த்தவர், மனைவி டோரதி பெரும் சொத்துக்கு வாரிசான அமெரிக்கர். 1925இல் இடிந்துகிடந்த ஒரு பழைய மாளிகையை நிலத்தோடு வாங்கி, 1926இல் பள்ளியைத் தொடங்கினார்கள். தண்டனை இல்லை, சீருடை இல்லை, மாணவர் தலைவன் இல்லை, ராணுவப் பயிற்சி இல்லை, கட்டாய விளையாட்டு இல்லை, கட்டாய மதம் இல்லை என்று இல்லைகளாலேயே பள்ளியை அறிமுகப்படுத்தினார்கள். தாகூரும் அங்கே வந்து தங்கியிருக்கிறார்.

சரி, இத்தனை நல்ல விஷயம் என்றால் ஏன் பரவவில்லை? நேராகச் சொன்னால், காசு. அரசின் கையில் சிக்காமல் இருந்ததால்தான் இவர்களால் சுதந்திரமாகச் சோதித்துப் பார்க்க முடிந்தது. அதே காரணத்தால் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே அந்தச் சுதந்திரம் கிடைத்தது. எழுத்தாளர், விஞ்ஞானி, கலைஞர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், பக்கத்துத் தெருவில் இருந்த கூலித் தொழிலாளியின் பிள்ளை வரவில்லை. இந்த இயக்கத்தை எவ்வளவு நேசித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு இடறுகிறது. நீலுக்கும் அது தெரிந்தே இருந்தது. நல்ல சம்பளம் கொடுக்க முடியாமல் வருஷக்கணக்கில் பள்ளியை ஓட்டியவர் அவர். 1960 வாக்கில் மூடும் நிலைக்கே வந்துவிட்டார், அந்த வருஷம் நியூயார்க்கில் வெளியான அவருடைய புத்தகம் லட்சக்கணக்கில் விற்று, அமெரிக்கப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததால்தான் பள்ளி பிழைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 1960களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளே மாறத் தொடங்கின. 1967இல் வந்த பிளவுடன் அறிக்கை, கல்வியின் மையத்தில் குழந்தை இருக்க வேண்டும் என்று அரசு ஆவணத்திலேயே எழுதியது. இலவசமாகக் கிடைப்பதில் பாதியாவது இருக்கும்போது தூரத்தில் காசு கட்டி யார் தங்க வைப்பார்கள்? சின்னப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின: யார்க்ஷயரில் வெனிங்டன் 1975இல், டார்செட்டில் மாங்க்டன் வைல்ட் 1982இல், அத்தனை பணம் இருந்த டார்டிங்டனும் 1987இல். டார்டிங்டன் மூடியபோது ஒரு சில ஆசிரியர்களும் மாணவர்களும் மட்டும் கலைந்துபோக மறுத்து, பக்கத்தில் ஆஷ்பர்டனில் சாண்ட்ஸ் என்ற பள்ளியை அதே வருஷம் தொடங்கினார்கள். அங்கே தலைமையாசிரியரே கிடையாது, முடிவெல்லாம் பள்ளிக் கூட்டத்தில்தான். ரெடியிடம் ஆரம்பித்த விட்டுக்கொடுத்தல் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். பீடேல்ஸ் வேறு திசையில் போய் இன்று விலை உயர்ந்த, பேர்பெற்ற பள்ளிகளில் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் பொதுத்தேர்வுகள் பலவற்றை ஒதுக்கிவிட்டு, 2006 முதல் தானே வகுத்த பாடங்களை நடத்திவருகிறது.

சம்மர்ஹில்லுக்குப் பெரிய சோதனை 1999இல் வந்தது, நீல் இறந்து 26 வருஷம் கழித்து. பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் பார்வையிட்டுக் கடுமையான அறிக்கை கொடுத்தது. சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும், வகுப்புக்கு வருவதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விடக் கூடாது என்று கல்வி அமைச்சரின் பெயரில் நோட்டீஸ் வந்தது. அதில் மற்றவை எப்படியோ சமாளிக்கக்கூடியவை. ஆனால் விருப்பமிருந்தால் மட்டும் வகுப்புக்கு வரலாம் என்ற முறையை விட்டால் சம்மர்ஹில்லே இல்லை. அப்போது பள்ளியை நடத்திவந்த நீலின் மகள் ஜோயி ரெட்ஹெட் பணியவில்லை, தீர்ப்பாயத்துக்குப் போனார். 2000 மார்ச்சில் லண்டன் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் கட்டடத்தில் விசாரணை தொடங்கியது, மாணவர்களும் வந்திருந்தார்கள். சில நாட்களிலேயே அரசுத் தரப்பு இறங்கிவந்து சமரசம் பேசியது. வரைவு தயார், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பிள்ளைகளைக் கேட்காமல் எப்படி முடிவெடுப்பது? அந்தக் கோர்ட் அறையையே கேட்டு வாங்கி, வாராந்தரக் கூட்டத்தை நடத்துகிற மாதிரியே ஒரு மாணவர் தலைமையில் கூட்டம் போட்டு, வரைவைப் படித்து, விவாதித்து, கை தூக்கி ஓட்டுப்போட்டார்கள். ஏற்கலாம் என்று முடிவானது. பள்ளியின் கொள்கையை மனதில் வைத்துத்தான் இனி ஆய்வு நடத்த வேண்டும், பிள்ளைகள் சொல்வதையும் கேட்க வேண்டும் என்பது அந்த உடன்பாட்டில் இருந்தது.

2025 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி. ஈட்டனுக்கும் அதே வரிதான், தலைமையாசிரியரே இல்லாத ஒரு சின்னப் பள்ளிக்கும் அதே வரிதான்.